ஏற்றியதோடு முடிவதில்லை: பெரிய நிலைத்தளங்களும் மேகக்கணினிச் சேவையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், பெரிய இணையதளங்களை நிலைத்தளங்களாக மாற்றி மேகக்கணினிச் சேவையில் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில்) வைப்பது குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பழைய இதழ்த் தொகுப்புகள், அகராதிகள், ஆவணக் காப்பகங்கள் போன்ற, எழுதி முடித்தபின் அதிகம் மாறாத தளங்களுக்கு இதுவே தக்க வழி என்று கட்டுரையாளர் கூறுவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயினும், கோப்புகளை ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு கவனிக்க எதுவும் இல்லை, செலவும் இல்லாததற்குச் சமம் என்ற அவரது முடிவுரை சில நூறு பக்கங்கள் கொண்ட தளத்துக்குப் பொருந்துமே தவிர, லட்சக்கணக்கான கோப்புகள் கொண்ட தளத்துக்குப் பொருந்தாது. இத்தகைய தளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அதற்கான காரணங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான தளத்தில், ஒருவர் பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் சர்வரில் ஒரு நிரல் இயங்கி, தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்து, அந்த நொடியில் பக்கத்தைக் கட்டித் தருகிறது. நிலைத்தளத்திலோ எல்லாப் பக்கங்களும் முன்கூட்டியே, உலாவி நேரடியாகக் காட்டக்கூடிய எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கப்பட்டுவிடுகின்றன. கேட்டவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே சர்வரின் வேலை. உலகின் முதல் இணையதளமான செர்ன் ஆய்வகத்தின் தளம் இப்படிப்பட்டதுதான். 2008-இல் வந்த ஜெக்கில், 2013-இல் வந்த ஹியூகோ போன்ற கருவிகள் இந்தப் பழைய முறையையே பெரிய அளவில் எளிதாக்கின. இயங்கும் நிரலும் தரவுத்தளமும் இல்லாததால், ஊடுருவுவோர் நுழையும் வழக்கமான வாசல்களும் இல்லை. பத்து ஆண்டுகள் எந்தப் பதிப்பேற்றமும் செய்யாமல் விட்டாலும் ஓர் எச்டிஎம்எல் கோப்பு பழுதாகாது. பராமரிக்க ஆளில்லாத நிறுவனங்களுக்கு இது பெரிய வரம் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. சிறு தளங்களுக்கென்றே அமைந்த இலவசச் சேவைகள் பல உண்டு, அவை நல்லவையும்கூட. ஆனால் கிட்ஹப் பேஜஸ் சேவையில் வெளியிடப்படும் தளம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 100 ஜிபி வரையிலான தரவுப் போக்குவரத்தே எதிர்பார்க்கப்படுகிறது. கிளவுட்ஃபிளேர் பேஜஸின் இலவசத் திட்டத்தில் ஒரு தளத்துக்கு 20,000 கோப்புகள் என்பதே உச்சம். எந்தக் கோப்பும் 25 எம்பிக்கு மேல் இருக்க முடியாது. ஒரு மாத இதழின் ஐம்பது ஆண்டுத் தொகுப்பைப் பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சிறு படம், ஓர் எழுத்துவடிவம் என்று வைத்தாலே இந்த எண்ணிக்கை எளிதில் கடந்துபோகும். ஆகவே பெரிய தளத்தார் இறுதியில் வந்து சேரும் இடம் பொருள் சேமிப்பு (ஒவ்வொரு கோப்பையும் பெயரிட்ட ஒரு தனிப் பொருளாக வைக்கும் முறை) என்று சொல்லப்படும் சேவைகள்: 2006 மார்ச் மாதம் தொடங்கிய அமேசான் எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்ட் அஷூரின் பிளாப் ஸ்டோரேஜ் ஆகியவையும் அவை போன்ற பிறவும். இவற்றில் கோப்புகளின் எண்ணிக்கைக்கு நடைமுறையில் உச்சவரம்பு இல்லை. வைத்த கோப்பு தொலையாது என்பதற்கு எஸ்3 தரும் வடிவமைப்பு இலக்கு 99.999999999 விழுக்காடு. ஆகவே கோப்பு காணாமற் போய்விடுமோ என்ற கவலையை ஒதுக்கிவிடலாம். கோப்பு பத்திரமாக இருந்தும் வாசகருக்குக் கிடைக்காமல் போவதே நாங்கள் அன்றாடம் காணும் கோளாறு.

அதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர். பொருள் சேமிப்பில் உண்மையில் கோப்புறை என்று ஒன்று கிடையாது. நமக்குக் கோப்புறை போலத் தெரிவது, சாய்கோடுகள் கலந்த ஒரு நீண்ட பெயரின் பகுதி மட்டுமே. அந்தப் பெயரில் ஒரு பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு) மாறினாலும் அது வேறு கோப்பு. விண்டோஸ் கணினியில் பெரிய எழுத்தில் இருந்தாலும் சிறிய எழுத்தில் இருந்தாலும் ஒரே கோப்பாகத் திறந்த ஆங்கிலப் பெயர், மேகத்துக்குப் போனதும் இரண்டு வெவ்வேறு பெயர்களாகிவிடும். பல ஆண்டுகளாகப் பல கைகளால் தொகுக்கப்பட்ட காப்பகத்தில், படக் கோப்பின் பின்னொட்டு ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் மற்றோர் இடத்தில் சிறிய எழுத்திலும் இருப்பது மிகச் சாதாரணம். சொந்தக் கணினியில் சோதித்தபோது குறையின்றி இருந்த தளம், ஏற்றியபின் நூற்றுக்கணக்கான படங்கள் இல்லாமல் நிற்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேவையில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இதைவிட நுட்பமான ஒரு பொறி காத்திருக்கிறது. எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாக எழுதலாம். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணால் வேறுபாடு காண வழியே இல்லை. ஆப்பிள் கணினிகளில் நீண்ட காலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும் வழக்கம் உடையது. அங்கிருந்து ‘போர்’ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கோப்பை, பிரிக்காத வடிவத்தில் ‘போர்’ என்று எழுதப்பட்ட இணைப்பு தேடினால், பொருள் சேமிப்பு அப்படி ஒன்று இல்லை என்றே விடை சொல்லும். கோப்பும் இருக்கிறது, இணைப்பும் சரியாக இருக்கிறது, பக்கம் மட்டும் வரவில்லை என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நிலை இதனால் வருகிறது. ஏற்றுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் இணைப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரலை ஓட்டிவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளமும் கணக்கில் வருகிறது. எஸ்3-இல் ஒரு பெயர் 1,024 பைட்களைத் தாண்ட முடியாது. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட்கள் எடுத்துக்கொள்வதால், தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பது 341 குறியெண்கள்தான். முகவரிப் பட்டியிலிருந்து அதை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 5 குறியெண்கள், 15 பைட்கள். நகலெடுத்த முகவரியில் 45 எழுத்துகள். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் முகவரியாக வைக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அத்தகைய முகவரி மின்னஞ்சலில் உடைந்து, பாதியிலேயே அறுந்த இணைப்பாகப் போய்ச் சேரும் என்பதால், பெரிய தொகுப்புகளுக்கு ஆண்டு, மாதம், எண் என்ற குறுகிய முகவரியையே நான் பரிந்துரைக்கிறேன். தமிழ்த் தலைப்பு பக்கத்துக்குள் இருந்தால் போதும். தேடுபொறி அதைக் கண்டுகொள்ளும்.

கோப்பின் வகையைச் சொல்லும் குறிப்பும் இதே போன்றது. சாதாரண சர்வர், பின்னொட்டைப் பார்த்துத் தானாகவே வகையைச் சொல்லிவிடும். பொருள் சேமிப்பில், ஏற்றும்போது நாம் எந்தக் குறிப்பை எழுதினோமோ அதுவே நிலைக்கும். பின்னொட்டு இல்லாமல் அழகாக இருக்கட்டும் என்று பெயரிட்ட பக்கங்களுக்கு வகைக் குறிப்பைத் தனியே எழுதாவிட்டால், உலாவி அவற்றைக் காட்டாமல் பதிவிறக்கத் தொடங்கிவிடும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்பது எங்குமே சொல்லப்படாவிட்டால், தமிழ்ப் பக்கம் புரியாத லத்தீன் குறிகளின் குவியலாகத் தோன்றலாம்.

எஸ்3 தரும் இணையதள முகவரியில் எச்டிடிபிஎஸ் (உலாவியில் பூட்டுக்குறி காட்டும் பாதுகாப்பான இணைப்பு) இல்லை என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அதனால் முன்னால் ஒரு சிடிஎன், அதாவது கோப்புகளின் நகல்களை உலகின் பல இடங்களில் வைத்து அருகிலிருந்து தரும் வலையமைப்பு, ஏறத்தாழக் கட்டாயமாகிறது. அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் போன்ற ஒன்றை வைத்ததும் பூட்டுக்குறி வந்துவிடும். ஆனால் சேமிப்பகத்தைப் பொதுவில் திறந்துவிடாமல் பூட்டி வைத்து, சிடிஎன் வழியாக மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பான அமைப்பில் இரண்டு பழக்கங்கள் மாறுகின்றன. முகப்புக்கு மட்டும் இயல்பான முதற்பக்கம் வரும்; கோப்புறை போலத் தெரியும் உள் முகவரிகளுக்குத் தானாக வராது, அதற்கென ஒரு சிறு நிரலைச் சிடிஎன்னிலேயே ஓட்ட வேண்டும். பட்டியலிடும் அனுமதி கொடுக்காவிட்டால், இல்லாத பக்கத்துக்கு 404, அதாவது பக்கம் இல்லை என்ற விடைக்குப் பதிலாக 403, அதாவது அனுமதி இல்லை என்ற விடை வரும். வாசகர் தமக்குத் தடை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். எந்தப் பக்கங்கள் உண்மையில் காணவில்லை என்பதைப் பதிவேட்டிலிருந்து பிரித்தறிவதும் கடினமாகும்.

வேகத்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி ஒன்று உண்டு. தமிழ் எழுத்துக்கு 3 பைட்கள் என்று மேலே குறைபட்டுக்கொண்டேன். அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது பைட் இரண்டே மதிப்புகளில் ஒன்று. இவ்வளவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் தரவு, ஜிசிப் அல்லது பிரோட்லி முறையில் மிக நன்றாகச் சுருங்கும். எஸ்3 தானாகச் சுருக்காது. சிடிஎன்னில் அந்த வசதியை இயக்கிவிட்டால் வாசகரின் டேட்டாவும் மிஞ்சும், நம் கட்டணமும் குறையும்.

புதுப்பித்தல்தான் கட்டுரையாளர் அறவே தொடாத பகுதி. மாறாத தளம் என்று சொல்லிக்கொண்டாலும், எழுத்துப்பிழை திருத்துவோம், எல்லாப் பக்கங்களிலும் வரும் வழிகாட்டிப் பட்டியில் ஓர் இணைப்பைச் சேர்ப்போம். பட்டியில் ஒரு சொல் மாறினால் எல்லாப் பக்கங்களும் மாறும். 3 லட்சம் பக்கங்கள் என்றால் 3 லட்சம் கோப்புகளையும் மீண்டும் ஏற்ற வேண்டும். அமேசானின் பொதுக் கட்டணத்தில், எழுதும் கோரிக்கைக்குப் படிக்கும் கோரிக்கையைவிட 12 மடங்குக்கும் சற்று மேல். ஒரு முறை என்றால் பெரிய தொகை இல்லை. ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் என்றால் காரணமே தெரியாமல் பில் ஏறும்.

இதில் ஒத்திசைவுக் கருவிகளின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எஸ்3-க்கான வழக்கமான ஒத்திசைவுக் கட்டளை, கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் பார்த்தே எதை ஏற்றுவது என்று முடிவு செய்கிறது. நிலைத்தளக் கருவிகளோ தளத்தை ஒவ்வொரு முறை கட்டும்போதும் பெரும்பாலும் எல்லாக் கோப்புகளையும் புதிதாக எழுதிவிடுகின்றன. உள்ளடக்கம் மாறாவிட்டாலும் நேரம் மாறிவிடுவதால், அத்தனையும் மறுபடி மேலே போகும். நேரத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் பார் என்று கட்டளையிட்டால், 1987 என்பதை 1978 என்று திருத்திய பக்கம் அளவில் மாறாததால் என்றைக்கும் மேலே போகாது. காப்பகத்துக்கு இது முதல் சிக்கலைவிட மோசமானது. உள்ளடக்கத்தின் கைரேகைக் கணக்கை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்டு அது சற்று மாறினாலும் மாறிவிடும் குறியீட்டை, ஒப்பிட்டு ஏற்றுவதே சரியான வழி. ஆர்குளோன் போன்ற கருவிகள் அதைச் செய்கின்றன. பட்டியைத் தனிக் கோப்பாகப் பிரித்து உலாவியிலேயே சேர்க்கும் வழியும் உண்டு. உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாமலும் பக்கம் முழுமையாகப் படிக்கக் கிடைக்க வேண்டும் என்ற காப்பக நோக்கத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து.

எந்த வரிசையில் ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். படங்கள், வடிவமைப்புக் கோப்புகள் முதலில். அவற்றைச் சுட்டும் பக்கங்கள் அடுத்து. தேவையற்ற பழையவற்றை நீக்குவது கடைசியில், அதுவும் கேச் (சிடிஎன்னும் உலாவியும் வைத்திருக்கும் தற்காலிக நகல்) காலாவதியானபின். லட்சம் கோப்புகள் ஏறி முடிய நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வரும் வாசகருக்குப் புதிய பக்கமும் பழைய வடிவமைப்பும் கலந்து கிடைக்கக் கூடாது. வடிவமைப்புக் கோப்பின் பெயரிலேயே அதன் கைரேகையைச் சேர்த்து ஓர் ஆண்டுக்குக் கேச் செய்யச் சொல்லலாம். பக்கங்களுக்குச் சில நிமிடங்கள் அல்லது மணிநேரம் போதும். கிளவுட்ஃபிரண்டில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 24 மணி நேரம் பழைய நகலே போய்க்கொண்டிருக்கும். காலையில் திருத்திய பிழை மாலை வரை திருந்தவில்லை என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த இயல்புநிலையால் வருபவை.

இனி பணத்துக்கு வருகிறேன். கோப்பை வைத்திருக்கும் கட்டணத்தை மட்டும் காட்டி, பெரிய தளத்துக்கும் செலவு சொற்பமே என்று கட்டுரை முடிவு செய்கிறது. அமேசானின் அமெரிக்க மையங்களின் பொதுக் கட்டணத்தை எடுத்துக்கொண்டால், 1 ஜிபி தரவை இணையத்துக்கு வெளியே அனுப்ப ஆகும் செலவு, அதே 1 ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்கும் செலவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. மாதத்துக்கு முதல் 100 ஜிபி இலவசம். கிளவுட்ஃபிரண்ட் வழியாக என்றால் 2021 டிசம்பர் முதல் மாதத்துக்கு 1 டிபி வரை இலவசம் என்ற சலுகை வந்தது. ஸ்கேன் செய்த இதழ்கள் கொண்ட தளம் 1 டிபியைத் தாண்டுவதற்கு ஆயிரக்கணக்கான வாசகர்கள் தேவையில்லை; தளம் முழுவதையும் வாரம் ஒருமுறை வாரிச் செல்லும் நிரல் ஒன்று போதும்.

அத்தகைய நிரல்கள் இன்று ஏராளம். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தரவு திரட்டுவோரால், பல்லூடகக் கோப்புகளுக்கான தங்கள் தரவுப் போக்குவரத்து 2024 ஜனவரியிலிருந்து 50 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்று விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதியது. தங்களுக்கு மிகுந்த செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு நிரல்களிடமிருந்தே வருகிறது என்றும் அது குறிப்பிட்டது. காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. மனிதர்கள் பெரும்பாலும் ஒரே சில பக்கங்களைத்தான் பார்ப்பார்கள்; அவை சிடிஎன்னின் கேச்சில் எப்போதும் இருக்கும். நிரல்களோ யாரும் திறக்காத மூலைப் பக்கங்கள் அனைத்தையும் வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் மூலச் சேமிப்பகம் வரை போய்வர வேண்டும். பழைய தொகுப்பு என்பது பெரும்பகுதி மூலைப் பக்கங்களால் ஆனது. எனவே அளவில் சிறிய செய்தித்தளத்தைவிட இந்தச் சுமை நம்மைப் போன்றவர்களுக்கே அதிகம். நிரல்கள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை எழுதி வைக்கலாம். அது மதிப்பவர்களுக்கான வேண்டுகோள் மட்டுமே.

செலவு குறையட்டும் என்று, அரிதாகத் தேவைப்படும் கோப்புகளுக்கான மலிவான சேமிப்பு வகைக்கு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் ஆலோசனையும் காதில் விழுகிறது. எஸ்3-இன் அந்த வகையில் 128 கேபிக்குக் குறைவான கோப்புக்கும் 128 கேபிக்கே கட்டணம். எடுக்கும்போது தனிக் கட்டணம். 30 நாளுக்கு முன் அழித்தாலும் 30 நாளுக்கான தொகை. 10 கேபி பக்கங்கள் லட்சக்கணக்கில் உள்ள தளம் இதைச் செய்தால் செலவு கூடும். யாரும் நேரடியாகப் பார்க்காத மூல ஸ்கேன்களை அங்கே வைக்கலாம். பக்கங்களை வைக்கக் கூடாது.

இவற்றைவிடப் பெரிய குறை, பயன்பாட்டுக்கேற்ற கட்டணம் வாங்கும் பெரிய சேவைகள் பலவற்றில், குறித்த தொகையை எட்டியதும் தளத்தை நிறுத்திவிடும் எளிய பொத்தான் இல்லாமையே. எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்கலாம். கணக்கு சில மணி நேரம் பின்தங்கியே வரும். மின்னஞ்சல் வந்தாலும் ஓட்டம் நிற்காது. 2024 பிப்ரவரியில், ஒரு நிலைத்தளத்தை இலவசத் திட்டத்தில் வைத்திருந்த ஒருவருக்கு, ஓர் ஒலிக்கோப்பு பெருமளவில் பதிவிறக்கப்பட்டதால் 1 லட்சம் டாலருக்கு மேல் பில் வந்தது. விஷயம் பொதுவெளியில் பேசப்பட்டபின் நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மே மாதம் வரை எஸ்3-இல் அனுமதி மறுக்கப்பட்ட கோரிக்கைகளுக்கும்கூடச் சேமிப்பகத்தின் உரிமையாளரே பணம் கட்ட வேண்டியிருந்தது. விமர்சனம் எழுந்தபின் அமேசான் அதை நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு நிகழ்வுகளிலும் தீர்வு நல்லவிதமாக வந்தது என்பது உண்மை. ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் இயங்கும் நூலகமோ அறக்கட்டளையோ, பின்னால் தள்ளுபடி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தளம் நடத்த முடியாது. வெளியே அனுப்பும் தரவுக்குக் கட்டணம் வாங்காத சேமிப்புச் சேவைகளும் இன்று உள்ளன. கிளவுட்ஃபிளேரின் ஆர்2 அவற்றில் ஒன்று. அங்கும் கோரிக்கைகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனாலும் பெரிய படக்கோப்புகள் கொண்ட தளத்துக்கு மாதக் கணக்கு ஊகிக்கக்கூடியதாக இருக்கும்.

கடைசியாக, வெளியேறும் நாள் பற்றி. எந்தச் சேவையும் நிரந்தரம் இல்லை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான தனிமனிதர்களின் பக்கங்கள் முகவரியோடு மறைந்தன. தன்னார்வலர்கள் நகலெடுத்ததால் உள்ளடக்கத்தில் ஒரு பகுதி பிழைத்தது, அந்தப் பக்கங்களைச் சுட்டிய பழைய இணைப்புகள் பிழைக்கவில்லை. மாறாக, செர்ன் தனது முதல் தளத்தை 2013-இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. முகவரி அவர்களுடைய கையிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது. சேவை நிறுவனம் தரும் இலவசத் துணைமுகவரியில் காப்பகத்தை வெளியிடவே கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். டொமைன், அதாவது தளத்தின் பெயர், காப்பகத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்; தளம் அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் பெயரிலோ, பணி மாறிப் போகக்கூடிய ஓர் ஊழியரின் தனி மின்னஞ்சலிலோ இருக்கக் கூடாது. எழுதுவதற்கே கூச்சமாக இருக்கும் அளவுக்கு எளிய செய்தி இது. ஆயினும் உள்ளே நுழைந்து பார்த்தால் பாதி இடங்களில் இப்படித்தான் இருக்கிறது.

சேமிப்பகத்தை மூடிவிட்டு வேறிடம் போகிறவர்கள், டிஎன்எஸ்ஸில் (தளப் பெயர் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்ற பதிவேட்டில்) உள்ள சுட்டியையும் மறவாமல் நீக்க வேண்டும். எஸ்3-இல் சேமிப்பகப் பெயர்கள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. நாம் அழித்த பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். நம் துணைமுகவரி இன்னமும் அந்தப் பெயரைச் சுட்டிக்கொண்டிருந்தால், அவர் வைக்கும் பக்கங்கள் நம் பெயரில், நம் முகவரியில் உலகுக்குத் தெரியும். பழைய தளத்திலிருந்து மாறும்போது பழைய இணைப்புகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் வேலையையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எஸ்3-இன் இணையதள அமைப்பில் திருப்பிவிடும் விதிகள் 50 மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கான பழைய முகவரிகளுக்கு ஒவ்வொன்றாகத் திருப்புக் கோப்பு வைப்பதோ, சிடிஎன்னில் நிரல் எழுதுவதோதான் வழி.

வெளியேறுவதற்கான கட்டணத்தில் மட்டும் காலம் சற்று நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024-இன் முதல் மூன்று மாதங்களுக்குள் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றுமே, தங்கள் சேவையை விட்டு விலகுவோர் தரவை எடுத்துச் செல்ல வாங்கிய கட்டணத்தைக் கைவிடுவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் இத்தகைய மாறுதல் கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அறவே தடை செய்கிறது. அந்நிறுவனங்களின் சலுகைக்கு, விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் உண்டு; படித்துப் பார்த்துவிட்டுச் சேருவது நல்லது. அதைவிட நல்லது, முழுத் தளத்தின் ஒரு நகலைச் சொந்த வன்வட்டில், கைரேகைப் பட்டியலோடு, எப்போதும் வைத்திருப்பது. நிலைத்தளத்தில் இது சாத்தியம் என்பதே அதன் ஆகப்பெரிய சிறப்பு. தரவுத்தளமும் நிரலும் சேர்ந்த தளத்துக்கு இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

மேகக்கணினியை நாடும் நிறுவனங்களை இக்கடிதம் அச்சுறுத்திவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதியை, விவரம் தெரிந்த ஒருவர் தளத்தை ஏற்றும் முன்பே செய்து முடித்துவிடலாம். அதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் ஒப்பந்தத்தில் எழுதாமல், சேமிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுவதைத்தான் தவறு என்கிறேன். தங்கள் கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவாரானால், எந்தெந்தச் சேவைகளில் செலவு வரம்பு உண்மையிலேயே தளத்தை நிறுத்துகிறது, எவற்றில் எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் வருகிறது என்ற ஒப்பீட்டை முதலில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போகும் நூலகர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் இப்போது உடனடியாகத் தேவைப்படுவது அந்த விவரம்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
இணையக் காப்பகப் பராமரிப்பாளர்